முழு டர்க்கிக்கு கெட்டில் கிரில்லா ஸ்மோக்கரா? ரெண்டுலயும் பல வருஷம் சமைச்ச அனுபவம்

நவம்பர் வந்தாலே யாராவது கேட்டுடறாங்க, அமெரிக்காவோட தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு டர்க்கிய, அதாவது வான்கோழிய, ஓவன்ல போடாம வெளிய கரில சுடலாமா, அதுக்கு ஸ்மோக்கர் வாங்கணுமான்னு. எங்க வீட்டு பின்பக்கம் ரெண்டும் நிக்குது, உருண்டை மூடி போட்ட 22 இன்ச் கெட்டில் கரி கிரில் ஒண்ணு, கம்மி சூட்டுல புகைல மெதுவா வேக வைக்கற 18 இன்ச் புல்லட் ஸ்மோக்கர் ஒண்ணு, சிகாகோ பக்கத்து பனி காத்து எல்லாத்தையும் பல வருஷமா தாங்கிட்டு. முடிவ முதல்லயே சொல்லிடறேன், டர்க்கிக்காக மட்டும் ஸ்மோக்கர் வாங்காதீங்க, கெட்டில் போதும், இன்னும் சொல்லப்போனா கெட்டில்ல தான் நல்லா வரும்.

காரணம் ரொம்ப சிம்பிள். பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி), போர்க் ஷோல்டர் (பன்னி தோள்பட்டை) மாதிரி கறில கொழுப்பும் ஜவ்வும் நிறைய இருக்கு, அது உருகறதுக்கு 225 டிகிரி ஃபாரன்ஹீட்ல மணிக்கணக்கா கெடக்கணும். டர்க்கி நெஞ்சுக்கறில உருக என்ன இருக்கு? ஒண்ணும் கிடையாது, நேரம் ஆக ஆக காயும் அவ்வளவு தான். 225ல பவுண்டுக்கு அரை மணி நேரம்னு 12 பவுண்ட் பறவைக்கு ஆறு மணி நேரம் ஓடிடும், புகை வாசனை அருமையா ஏறும், ஆனா தோல் ரப்பர் மாதிரி இழுக்கும், எங்க வீட்டு பசங்க அத உரிச்சு தட்டு ஓரத்துல வெச்சுட்டு தான் சாப்பிடுவாங்க. அதே பறவை கெட்டில்ல 325லேர்ந்து 350க்குள்ள ரெண்டரை மூணு மணி நேரத்துல முடிஞ்சுடுது, தோலும் மொறுமொறுன்னு இருக்கு, புகையும் தேவையான அளவுக்கு இருக்கு. ஸ்மோக்கர் உள்ள இருக்கற தண்ணித் தட்ட காலியா விட்டு எல்லா வென்ட்டையும் (காத்து போற ஓட்டை) திறந்து 325 வரைக்கும் கொண்டு போகலாம், நானும் பண்றேன், ஆனா அதுக்கு எதுக்கு ஸ்மோக்கர்?

இந்த கெட்டில் எங்க ஊர் சரக்குங்கறதுல எனக்கு கொஞ்சம் பெருமை உண்டு. 1952ல சிகாகோல வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ்ல இருந்த ஜார்ஜ் ஸ்டீஃபன், அங்க செய்யற, தண்ணில மிதக்க விடற உருண்டை இரும்பு மிதவைய ரெண்டா வெட்டி கால் வெச்சு மூடி போட்டு பண்ணது தான் இது. அந்த உருண்டை மூடி தான் விஷயமே, சூடு மேல போய் சுத்தி வந்து பறவையோட மேல்பக்கத்தையும் வேக வைக்குது.

சைஸ் விஷயத்துல பிடிவாதமா இருங்க, 12லேர்ந்து 14 பவுண்ட், அதுக்கு மேல வேண்டவே வேண்டாம். 20 பவுண்ட் வாங்கினா மூடிய இடிக்கும், ரெண்டு பக்கமும் கரிக்கு இடம் இல்லாம கால் கருகும். கூட்டம் அதிகம்னா ரெண்டு சின்னதா வாங்கி ஒண்ண ஓவனுக்கு அனுப்பிடுங்க. உறைஞ்ச பறவை ஃப்ரிட்ஜ்ல இளக 4, 5 பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும், அதனால வியாழக்கிழமை விருந்துக்கு ஞாயித்துக்கிழமையே ஃப்ரீசர்லேர்ந்து எடுத்தாகணும். கவர்ல உப்புத்தண்ணி ஏத்தினதுன்னு போட்டிருக்கான்னு பாருங்க, சூப்பர்மார்க்கெட் டர்க்கி நிறைய அப்படித்தான் வருது, அதுக்கு மேல நீங்களும் உப்புல ஊற வெச்சா வாய்ல வைக்க முடியாது. அப்படி ஏத்தாத பறவைன்னா முந்தின நாளே கோஷர் உப்ப (பரலா இருக்கற உப்பு) தேச்சு மூடாம ஃப்ரிட்ஜ்ல வைங்க, தோல் நல்லா காயும், மொறுமொறுப்புல பாதி வேலை அங்கயே முடிஞ்சுது.

அப்புறம் கழுவறது. ஊர்லேர்ந்து அம்மா ஃபோன் பண்ணா முதல் கேள்வி மஞ்சள் போட்டு கழுவினியான்னு தான் வரும், ஆனா இங்க அமெரிக்க விவசாயத் துறை கழுவாதீங்கன்னு தான் சொல்லுது, சிங்க் பூரா கிருமி தெறிக்கும், அத சாகடிக்கறது சூடு தானே ஒழிய தண்ணி இல்ல. மஞ்சள மசாலால சேத்துக்கறேன், அவங்களும் சமாதானம் ஆயிடறாங்க. மசாலான்னா மிளகு, மல்லி, பூண்டு, இஞ்சி, கொஞ்சம் மிளகாத்தூள், எல்லாத்தையும் வெண்ணெயில குழைச்சு தோலுக்கு அடில விரல விட்டு தடவறது. தந்தூரி ஸ்டைல்ல தயிர் போடறவங்க இருக்காங்க, ருசி நல்லா தான் இருக்கும், தோல் மொறுமொறுப்ப மட்டும் மறந்துடுங்க. சர்க்கரை கலந்த கடை ரப் (தடவற மசாலாத்தூள்) இவ்வளவு நேரத்துக்கு கருகும்.

நெருப்பு தான் முக்கியமான பாகம். ப்ரிக்கெட் கரிய (அச்சுல அழுத்தின ஒரே சைஸ் கரி) சிம்னில, அதாவது கரி பத்த வைக்கற இரும்பு உருளைல, பத்த வெச்சு மேல சாம்பல் பூத்ததும் ரெண்டு பக்கமும் பிரிச்சு கொட்டி, நடுவுல ஃபாயில் ட்ரேல தண்ணி, அதுக்கு மேல பறவை. லைட்டர் ஃப்ளூயிட் வேண்டாம், அந்த மண்ணெண்ணெய் வாடை தோல்ல ஒட்டிக்கும். லம்ப் கரி, அதாவது சாதா கட்டைக்கரி, சீக்கிரம் சூடாகும், ஆனா துண்டு துண்டா வேற வேற சைஸ்ல இருக்கறதால சூடு ஏறி எறங்கும், மூணு மணி நேரத்துக்கு ப்ரிக்கெட் தான் நிதானம். மேல் வென்ட் முழுசா திறந்தே இருக்கட்டும், சூட்ட அடி வென்ட்ல கட்டுப்படுத்துங்க. முக்கா மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெண்டு பக்கமும் கொஞ்சம் கரி சேக்கணும், மத்தபடி மூடிய திறந்து திறந்து பாக்கற மாமாக்கள கிட்டயே விடாதீங்க. குளிர விட காத்து தான் படுத்தும், காத்தடிக்கற நாள்ல கரி ரொம்ப கூட செலவாகும், அதுக்குன்னு கிரில்ல கராஜ் உள்ள இழுக்காதீங்க, கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு ஆள முடிச்சுடும்.

கட்டை ஆப்பிளோ செரியோ, கைப்பிடி அளவுல ரெண்டு துண்டு போதும், கோழி வகை புகைய சட்டுனு வாங்கிக்கும். டெக்சாஸ் ஆளுங்க கொண்டாடற மெஸ்கீட் இருக்கே, அது நம்ம ராமநாதபுரம் பக்கம் வெட்ட வெட்ட முளைக்கற சீமைக்கருவேலத்துக்கு பங்காளி மரம், அதோட புகை மாட்டுக்கறிக்கு சரி, டர்க்கிக்கு கசப்பு தட்டும்.

மூடில இருக்கற டயல நம்பாதீங்க, எந்த கிரில்லா இருந்தாலும் அது மூடி உயரத்து சூட்ட தான் காட்டும், பறவை இருக்கற இடத்து சூடு வேற. ரெண்டு ப்ரோப் (சூடு பாக்கற கம்பி) இருக்கற தெர்மாமீட்டர் வாங்குங்க, கிரில்லுக்கு அப்புறம் உருப்படியான செலவு அது தான். பறவையோட வர்ற பிளாஸ்டிக் பாப்-அப் குமிழ், வெந்துடுச்சுன்னு காட்டறதுக்கு, எழும்பற வரைக்கும் காத்திருந்தா நெஞ்சுக்கறி போச்சு. 165 டிகிரி வந்தா பாதுகாப்பு, ஆனா தொடைக்கறி 175 கிட்ட போனா தான் மெத்துனு இருக்கும், நெஞ்சு அதுக்குள்ள காய ஆரம்பிச்சுடும். முழு டர்க்கியோட தலைவலியே இந்த வித்தியாசம் தான். புகைல வெந்த கறி 165 தாண்டியும் ரோஸ் கலர்ல இருக்கலாம், விருந்தாளி யாராவது வேகலன்னு முகம் சுளிச்சா தெர்மாமீட்டர காட்டுங்க.

அந்த தலைவலிக்கு நான் இப்ப பண்றது ஸ்பாட்ச்காக். கத்திரியால முதுகெலும்ப ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்துட்டு, திருப்பி நெஞ்சு மேல கைய வெச்சு ஒரு அழுத்து, எலும்பு மடக்குனு உடைஞ்சு பறவை தட்டையா படுத்துடும். கரிய ஒரே பக்கம் குவிச்சு கால் பக்கம் கரிய பாத்து வைங்க, தொடைக்கு சூடு அதிகம், நெஞ்சுக்கு கம்மி, ரெண்டும் ஒண்ணா வெந்து வரும், 12 பவுண்ட் ஒண்ணரை மணி நேரம், மிஞ்சி போனா ரெண்டு. மேசைல முழுசா உக்காந்திருக்கற டர்க்கி ஃபோட்டோ தான் கிடைக்காது. மாமனார் வர்ற வருஷம் முழுசு, மத்த வருஷம் தட்டை, எங்க வீட்டு ஒப்பந்தம் அது.

எடுத்ததும் அரை மணி நேரம் தொடாம விடுங்க. சாப்பிட்டு முடிச்சதும் மிச்சத்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வெச்சு மூணு நாலு நாள்ல தீத்துடணும். பிரியாணிக்கு வேண்டாம், ரெண்டாவது தடவை வெந்தா நார் நாரா போகும், கொத்து பரோட்டாவுக்கு சூப்பர். எலும்புக்கூட்ட கொதிக்க வெச்சு அந்த தண்ணில மிளகு ரசம் வைங்க, அந்த புகை வாசனை ரசத்துக்காகவே கறிய விட எலும்ப பத்திரப்படுத்தற ஆள் நான்.

ரெண்டு கிரில்லும் இத்தனை பனிக்கு அப்புறமும் உழைக்குது, எனாமல் அப்படியே இருக்கு, கீழ சாம்பல் பிடிக்கற பாத்திரமும் கம்பித் தட்டும் மட்டும் துருப்பிடிச்சு மாத்த வேண்டி வந்துது. ஈர சாம்பல உள்ளயே விட்டா இன்னும் சீக்கிரம் போகும், ஆனா சூடா இருக்கறப்ப குப்பைத் தொட்டில கொட்டிடாதீங்க, ரெண்டு நாள் ஆறட்டும். அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடி வாடகை ஒப்பந்தத்த ஒரு தடவை படிச்சுடுங்க, பால்கனில கரி கிரில்லுக்கு பெரும்பாலும் அனுமதி கிடையாது.