பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எது? துஜாவா, கிறிஸ்துமஸ் மரமா?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பாதி வீடுகள் பொங்கலுக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும்தான் திறக்கின்றன. மற்ற நாளில் வாட்ச்மேன் தண்ணீர் ஊற்றினால் உண்டு. ஆகவே முகப்பில் வைக்க எந்த ஊசியிலை மரம் அழகு என்று பார்ப்பதற்கு முன், எது தண்ணீர் தப்பினாலும் சமாளிக்கும் என்று பாருங்கள்.

நர்சரியில் எல்லோர் கண்ணும் முதலில் போவது கோல்டன் சைப்ரஸ் மேல். அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கலிபோர்னியாவின் குளிர்ந்த கடற்கரை மரம் அது. ஊட்டியில் நிற்கும், மார்கழியில் வாங்கினால் இங்கேயும் சிரித்துக்கொண்டிருக்கும், அக்னி நட்சத்திரத்தைத் தாண்டுவது அபூர்வம்.

துஜா அப்படியில்லை. சீனா, கொரியா பக்கத்து மரம். வேர் பிடித்துவிட்டால் முழு வெயிலும் தாங்கும், சில நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் தாங்கும். தாங்காதது தேங்கும் தண்ணீரை. நம் செம்மண்ணுக்கு அடியில் செம்புறாங்கல் தட்டும் இடங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை குழியிலேயே நின்று வேரை அழுகவைத்துவிடும். அதனால் பள்ளத்தில் நடாமல் ஓரடி மேடு கட்டி நடுங்கள்.

கத்தரிப்பதில்தான் பலர் கெடுக்கிறார்கள். பச்சை நுனியை மட்டும் லேசாக வெட்டலாம். உள்ளே காய்ந்த பழைய கட்டை வரை வெட்டினால் அந்த இடம் பெரும்பாலும் மொட்டையாகவே நிற்கும். கோடையில் இலை மங்கிப் பழுப்படித்து, மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன்; ஹோஸ் பைப்பால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பெருமளவு குறையும். இன்னொன்று: இந்த ஊசியிலை இன மரங்கள் செத்த பிறகும் பல நாள் பச்சையாகவே நிற்கும். "நேத்துவரை நல்லாத்தானே இருந்துச்சு ஆச்சி" என்று வாட்ச்மேன் சொன்னால் அவரைத் திட்டாதீர்கள்.

கிறிஸ்துமஸ் மரம் எனப்படும் அரவ்காரியா, அடுக்கடுக்கான கிளையோடு வளவு (வீட்டின் நடு முற்றம்) தூணோரம் தொட்டியில் நின்றால் துஜாவைவிட ஒரு படி அழகுதான். வானம் பார்த்த வளவின் வெளிச்சம் அதற்குப் போதும், எதிர்வெயிலும் படாது. உச்சியை மட்டும் கிள்ளிவிடாதீர்கள், அடுக்கு கலைந்துவிடும். தரையில் நடுவது வேறு கதை: இதன் தாயகமான நார்போக் தீவில் இதன் உயரம் 50 மீட்டர். நம்மூர் நர்சரிகளில் அதே பெயரில் கிடைப்பது பல சமயம் நியூ கலிடோனியாவின் குக் பைன். அது பூமத்திய ரேகைப் பக்கம் சாய்ந்து வளரும் என்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. ஓட்டுக் கூரைக்குப் பக்கத்தில் எதற்கு இந்த வம்பு?

(சவுக்கை வைக்கலாமா என்று கேட்பார்கள். அது பூக்கும் மரம், ஊசியிலை இனமே அல்ல.)

ஆள் இருக்கும் வீடு என்றால் வளவில் அரவ்காரியா. பூட்டிய வீட்டில் தொட்டிச் செடியே வேண்டாம். முகப்புக்கு வெளியே இரண்டு துஜா, ஐப்பசி மழை தொடங்கும்போது நட்டுவிடுங்கள். முதல் கோடைக்கு மட்டும் வாரம் இரண்டு முறை அடிமண் நனைய ஊற்றச் சொல்லி வாட்ச்மேனுக்குத் தனியாகக் காசு கொடுத்துவிடுங்கள்.