லீவில் வந்து மறதிக்கு டெஸ்ட் எடுப்பவர்களுக்கு: கொழிஞ்சாம்பாறை பக்கத்து அனுபவம்

வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் போன, கேரளப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாக்காரர்கள் ஐம்பதைத் தாண்டியதும் லீவு லிஸ்டில் ஒரு வரி கூட்டிக்கொள்கிறார்கள்: "மறதி கூடிருச்சு, ஊர்ல வெச்சுப் பாத்துரலாம்." பார்க்கலாம். ஆனால் இறங்கிய வாரமே வேண்டாம். டொரண்டோவிலிருந்து வருபவருக்குப் பகலும் ராத்திரியும் தலைகீழ். தூக்கம் கெட்டால் கவனம் சிதறும், கவனிக்காதது மனதில் பதியாது. பத்து நாள் கழித்து, காலை நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள்.

அதற்குள் ரத்தப் பரிசோதனையை முடித்துவிடலாம்: தைராய்டு டி.எஸ்.ஹெச்., பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம், கிரியாட்டினின். நம்மூர் வழக்கப்படி "சோர்வா இருக்கு" என்று முதலில் பி காம்ப்ளக்ஸ் ஊசியைப் போட்டுக்கொண்டு பிறகு லேபுக்குப் போனால் பி12 ஏறியே காட்டும், பழைய குறை மறைந்துவிடும். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில லேப் முறைகளில் டி.எஸ்.ஹெச்.ஐக் குறைத்துக் காட்டும். இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் அசிடிட்டி மாத்திரையும் வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 இறங்குவது சகஜம். தூக்க மாத்திரை, சளி மாத்திரை, நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் இவையும் மூளையை மந்தமாக்கும். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

அசல் சிக்கல் மொழி. இங்கே வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், வேலையில் இங்கிலீஷ். மறதிக்கு எடுக்கும் மோகா (MoCA) என்ற நினைவு, சிந்தனைத் தேர்வுக்கு 30 மதிப்பெண், 26க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்ப்பார்கள். அதில் ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் 11 சொன்னால்தான் அந்த ஒரு மதிப்பெண். மலையாள மீடியத்தில் படித்தவரிடம் தமிழ் எழுத்தைக் கொடுத்தால் எட்டிலேயே திணறுவார். அது மறதியல்ல. 100லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதும் எந்த மொழியில் வாய்ப்பாடு படித்தோமோ அதில்தான் ஓடும். கடிகாரம் வரையச் சொல்லி "பதினொண்ணு பத்து" என்பார்கள். பெரிய முள்ளை 2க்குப் பதில் 10க்கு இழுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பள்ளிப்படிப்பு 12 வருடமோ குறைவோ என்றால் ஒரு மதிப்பெண் கூட்டித் தரவேண்டும். பலர் மறந்துவிடுகிறார்கள், நீங்கள் நினைவுபடுத்துங்கள்!

பாலக்காட்டில் தேர்வு மலையாளத்தில் நடக்க வாய்ப்பு அதிகம். எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டிக் கோவை போனால் தமிழ். போனில் மூன்று கேள்வி: தேர்வு எடுக்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அன்றைக்கு இருப்பாரா, எந்த மொழித் தாள், விடைத்தாள் நகல் கிடைக்குமா. நியூராலஜி ஓ.பி. ஒரு நாள், சைக்காலஜிஸ்ட் வேறொரு நாள் என்று ஆகிவிட்டால் லீவு பறந்துவிடும்.

கூடவே ஒருவர் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் அம்மாவைவிட, கூடவே வாழும் மனைவியோ கணவரோதான் சரியான சாட்சி. அவர் வரவில்லையென்றால் வீடியோ காலில் சேருங்கள். பெயர் நாக்கு நுனியில் நிற்பது வேறு. கேட்டதையே கேட்பது, பழகிய வழியில் தடுமாறுவது, பணக் கணக்கில் புதிதாகப் பிசகுவது வேறு.

மதிப்பெண் சரியாகவே வந்தாலும் மறதி உறுத்தினால் ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம். அதே மொழியில், ஆனால் மாற்றுத் தாளில். அதே தாள் என்றால் நினைவில் வைத்துச் சொல்லச் சொல்லும் ஐந்து சொற்களும் பழகிப்போயிருக்கும். மோகாவில் 8.1, 8.2, 8.3 என்று பதிப்புகள் உண்டு. இந்த முறை எழுதியது எது என்பதை நகலின் மேலேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.