ஈரக்காற்றில் இண்டிகா: அடர்ந்த பூவும் முந்திய அறுவடையும்

ஈரம் மிகுந்த, நாளுக்கு நாள் மாறும் வானிலையில் திறந்த வெளியில் கஞ்சா வளர்ப்பவர், வகையைத் தேர்ந்தெடுக்கும்போது விளைச்சலையும் மணத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பூ முற்றும் கடைசி 3 வாரங்கள் எந்த வானிலையில் வந்து விழும் என்பதே முதல் கேள்வி. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவர் 3 செடிகள் வரை வளர்க்கலாம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உரிமமின்றி வளர்ப்பது குற்றம். ஆகவே சட்டம் இடந்தரும் நாடுகளில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே இண்டிகா சார்ந்த வகை, சாட்டிவா சார்ந்த வகை, தானாகப் பூக்கும் ஆட்டோ வகை ஆகிய மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

இண்டிகா சார்ந்த வகைகளின் முன்னோர் ஆப்கானிஸ்தான், இந்துகுஷ் மலைப்பகுதிகளின் வறண்ட காற்றில் வளர்ந்தவை. குட்டையான உருவம், அகன்ற இலை, கணுக்களுக்கிடையே குறுகிய இடைவெளி, கல்லைப் போல இறுகிய பூங்கொத்து ஆகியவை அந்த மண்ணில் குறையாக இருந்ததில்லை. ஈரக்காற்றிலோ அந்த இறுக்கமே ஆபத்தாகிறது. இரவில் வெப்பநிலை இறங்கிப் பனி படியும்போது கொத்தின் வெளிப்புறம் காலை வெயிலில் உலர்ந்துவிடும்; உட்புறம் உலராது. பூவை அழுக வைக்கும் போட்ரைடிஸ் என்னும் பூஞ்சைக்கு 15 முதல் 25 டிகிரி வரையிலான மிதமான வெப்பமும் விலகாத ஈரமும் போதும். ஆனாலும் இந்த வகைக்கு ஒரு பெரும் பலம் உண்டு: பூக்கத் தொடங்கி 7 முதல் 9 வாரங்களில் அறுவடைக்கு வந்துவிடும். வட அரைக்கோளத்தின் குளிர்ந்த பகுதிகளில் ஆகஸ்டில் பூக்கத் தொடங்கும் செடி, செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ முற்றிவிடுகிறது.

சாட்டிவா சார்ந்த வகைகளின் கொத்து தளர்வானது. காற்று ஊடே போகும், அழுகலைத் தாங்கும். இதை மட்டும் பார்த்து ஈரநிலத்துக்குச் சாட்டிவாவே ஏற்றது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பூத்து முற்ற 10 முதல் 14 வாரங்கள் எடுத்துக்கொள்ளும் செடி, குளிர்ந்த நாடுகளில் நவம்பர் மழையில் நின்றுகொண்டிருக்கும். வெயில் குறைந்து, வெப்பமும் இறங்கிவிட்ட அந்த நாட்களில் பூ முற்றவே முற்றாது. தளர்ந்த கொத்து தரும் பாதுகாப்பை, முற்ற எடுக்கும் நீண்ட காலமே தின்றுவிடுகிறது. குளிர்காலம் மிதமாக உள்ள, நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள பகுதிகளுக்குத்தான் அது பொருந்தும்.

ஆட்டோ வகை ரூடராலிஸ் என்னும் கஞ்சா இனத்தின் கலப்பால் வந்தது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல், விதைத்து ஏறத்தாழ 10 முதல் 12 வாரங்களில் முடிந்துவிடும். உறைபனி நீங்கியபின் மே மாதத்தில் விதைத்தால் இலையுதிர்கால மழைக்கு முன்பே ஆகஸ்டில் கைக்கு வந்துவிடுகிறது. செடி சிறியது, விளைச்சலும் குறைவு. இளம் வயதில் நத்தை கடித்தாலோ வேர் நீரில் மூழ்கினாலோ மீண்டெழ அதற்கு அவகாசமில்லை. கூரை போட வழியில்லாதவருக்கு என் பரிந்துரை இதுவே.

கூரை போட முடிந்தால் முடிவு மாறுகிறது. பக்கங்கள் திறந்த, மேலே மட்டும் ஒளி ஊடுருவும் தகடு வேய்ந்த பந்தல் இருந்தால் இண்டிகா சார்ந்த, அதிலும் விரைந்து முற்றும் வகையையே தேர்ந்தெடுப்பேன். நான்கு பக்கமும் மூடிய கண்ணாடிக்கூடம் அதைவிடப் பாதுகாப்பானது என்று தோன்றும்; ஆனால் செடிகள் இலைவழி விடும் ஈரம் இரவில் உள்ளேயே தங்கி, சுவரில் துளியாகி, பூவின்மேலும் படியும். அங்கே மேற்கூரைத் திறப்பும் இரவு முழுவதும் ஓடும் மின்விசிறியும் இல்லாவிட்டால் திறந்த பந்தலே மேல். எந்த அமைப்பிலும் செடியின் கீழ்ப்பகுதியில் வெளிச்சம் படாத சிறு கிளைகளைப் பூக்குமுன்பே நீக்கிவிட வேண்டும்; உச்சியை முன்கூட்டியே கிள்ளிவிட்டால் ஒரு பருத்த கொத்துக்குப் பதிலாகப் பல மெல்லிய கொத்துகள் வரும், அவற்றுக்குள் காற்றும் புகும்.

அழுகலின் முதல் அறிகுறி மிகச் சிறியது. பசுமையான கொத்தின் நடுவே ஒரேயொரு இலை மஞ்சளாகித் துவண்டிருக்கும். மெல்ல இழுத்தால் பிடிப்பின்றிக் கையோடு வந்துவிடும். அந்த இடத்தை விரித்துப் பார்த்தால் தண்டு பழுப்பேறி, சாம்பல் நிறப் பொடி படர்ந்திருக்கும். அந்தப் பொடி முழுவதும் பூஞ்சையின் வித்துகள். ஆகையால் அசைக்காமல், கொத்தின்மேல் பையைக் கவிழ்த்து, நோய் தெரியும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் கீழே, நல்ல தண்டில் வெட்ட வேண்டும். கத்தியை ஆல்கஹாலால் துடைத்த பிறகே அடுத்த கிளையைத் தொடலாம். பூவைத் துளைக்கும் புழுக்களின் எச்சம் உள்ள இடத்தில் அழுகல் அடிக்கடி தொடங்குவதால், கரும்புள்ளிகளாகக் கிடக்கும் அந்த எச்சத்தைத் தினமும் தேடிப் பார்ப்பது மருந்து தேடுவதைவிடப் பயன் தரும். முற்றிய கொத்தில் மருந்து தெளிக்கவே கூடாது; புகைப்பவரின் நுரையீரலுக்குள்தான் அது போய்ச் சேரும்.

தொடர்மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால், இண்டிகா சார்ந்த செடியை முழு முதிர்ச்சிக்கு ஒரு வாரம் முன்னதாகவே அறுத்துவிடலாம். சற்றே குறைந்த வீரியத்தை ஏற்றுக்கொள்ளலாம், அழுகிய பூவைப் பயன்படுத்தவே முடியாது. அறுத்ததைத் தொங்கவிடும் அறையில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு அருகிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் கருவியின்றி இந்த அளவு கிடைப்பது அரிது என்பதால், கருவிக்கான செலவையும் வகையைத் தேர்ந்தெடுக்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.