மவுஸைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் சிலருக்குப் பச்சை இலைக் கணக்கு எழுதித் தருகிறேன். எனக்குப் பார்வை இல்லை. கம்ப்யூட்டர் வேலை முழுக்க, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை நம்பித்தான் ஓடுகிறது. பல வருடமாக என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பான்தான். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது, அவரும் பார்வையற்றவர். முழுக்க இலவசம். ஜாஸ் (JAWS) என்ற இன்னொரு திரைவாசிப்பானும் நல்ல மென்பொருள்தான், ஆனால் அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகாது.

என்விடிஏவை பென்டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். குன்னூரில் வேறொருவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் இன்ஸ்டால் செய்யாமலே பேசவைத்துவிடுவேன். இன்டர்நெட்டும் வேண்டாம். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து லைன் போகும் ஊரில் இது பெரிய விஷயம். குரலுக்கு இஸ்பீக் (eSpeak) என்ற பேச்சு மென்பொருள் வைத்திருக்கிறேன். இயந்திரக் குரல்தான், ஆனால் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் வார்த்தை புரியும். விண்டோஸில் வரும் வள்ளுவர் குரல் காதுக்கு இதமாக இருக்கிறது. நீண்ட கட்டுரை கேட்க அதற்கு மாறிக்கொள்வேன்.

சரி, உண்மையான தலைவலி மற்ற மென்பொருள்களில்தான். திரைவாசிப்பான் திரையில் தெரியும் படத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் என்ன பெயர், என்ன வகை என்று அந்த மென்பொருள் விண்டோஸுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் இது படிக்கிறது. அழகுக்காகத் தாங்களே வரைந்த பட்டன்களை வைப்பவர்கள் பல நேரம் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதனால் எதையும் வாங்குமுன் மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையை மட்டும் அழுத்திப் பார்ப்பேன். கணக்கு மென்பொருள் ஒன்றை அப்படிச் சோதித்தபோது "பட்டன், பட்டன், பட்டன்" என்றே வந்தது. எது சேமிக்க, எது அழிக்க? கணக்கு எழுதும் கட்டத்துக்குள் போனால் சத்தமே இல்லை. விற்க வந்தவர், "பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்ளுங்களேன்" என்றார். என் வேலையை நானே செய்யத்தானே கேட்கிறேன்!

எக்செலில் அந்தத் தொல்லை இல்லை. தலைப்பு வரிசையில் நின்று என்விடிஏ விசையுடன் (வழக்கமாக இன்சர்ட்) ஷிஃப்ட், சி அழுத்தினால் அதைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் கீழே எந்த வரிசையிலும் பத்திக்குப் பத்தி நகரும்போது "எடை 46", "கழிவு 2" என்று தலைப்போடு சொல்லும். எண் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. மெயிலுக்கு தண்டர்பேர்ட், குரல் பதிவுக்கு ஆடாசிட்டி. இரண்டுமே விசைப்பலகையால் நன்றாக ஓடுகின்றன.

தமிழ்க் கோப்புகளில் இன்னொரு சிக்கல். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த 'அம்மா', திரைவாசிப்பானுக்கு ஆங்கில எழுத்துகள்தான்: "எம் கே கே எச்". யூனிகோடுக்கு மாற்றினால் படித்துவிடும். ஸ்கேன் செய்த சுற்றறிக்கை என்றால் நேரடியாகப் படிக்காது, வெறும் படம். அனுப்புகிறவர்களிடம் டைப் செய்த கோப்பையே கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

அந்தக் கணக்கு மென்பொருளை எழுதியவருக்கு, எந்தத் திரையில் எந்தப் பட்டன் பேசவில்லை என்று விவரமாக மெயில் அனுப்பினேன். அடுத்த பதிப்பில் பட்டன்களுக்குப் பெயர் வந்துவிட்டது. கட்டம் இன்னும் பேசவில்லை. பேசும்வரை எக்செலை விடுவதாக இல்லை.