உப்புக்காற்றில் பானட்டும் டிக்கியும்: தட்டி எடுப்பதா, மாற்றுவதா?

உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் தென்னை நிழல் கிடைத்ததே என்று காரை நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பானட்டில் தேங்காய் விழுந்து குழியாகியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் சீமைக்கருவேலங்காட்டிலிருந்து மாடு குறுக்கே வந்தால் பானட்டின் முன்விளிம்பு மடங்கும். அமாவாசை நாளில் ராமேஸ்வரத்து நெரிசலில் பின்னால் வரும் வேன் லேசாக இடித்தாலே டிக்கி நசுங்கிவிடும். அடி எதுவானாலும் வண்டிக்காரர் முன்னால் நிற்பவை நான்கு வழிகள்தான்: பட்டறையில் தட்டி எடுத்துப் பட்டி (பள்ளத்தை நிரவும் பசை) பூசுவது, கம்பெனியின் புதுத் தகடு வாங்குவது, டூப்ளிகேட் எனப்படும் வெளித் தயாரிப்பை வாங்குவது, உடைத்துப் பிரித்த வண்டியிலிருந்து பழைய தகடு வாங்கி மாட்டுவது.

உள்நாட்டு ஊர்களில் இந்த நான்கையும் விலையையும் பளபளப்பையும் வைத்து ஒப்பிட்டால் போதும். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு அது போதாது. பட்டறையிலிருந்து வண்டி வெளியே வரும் நாளில் நான்கும் ஒன்றுபோலத்தான் மின்னும். இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். நம் ஊர் இரவுகளில் அந்த அளவு சர்வசாதாரணம். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும், உப்புப் படிந்த தகடு விடிய விடிய நனைந்தேதான் கிடக்கிறது. பெயின்ட் முழுதாக இருக்கும் இடத்தில் இது ஒன்றும் செய்யாது. பெயின்ட் போய்ச் சேராத இடத்தில் இரும்பைத் தின்றுவிடும்.

அந்த இடம் எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பானட்டைத் தூக்கி, முன்விளிம்பின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பானட் என்பது ஒற்றைத் தகடு அல்ல. வெளித்தகடு ஒன்று, அதைத் தாங்கும் உள்சட்டம் ஒன்று. வெளித்தகட்டின் ஓரத்தை உள்சட்டத்தின் மீது மடித்து அழுத்தி, பசை வைத்து இணைத்திருப்பார்கள். சுற்றிலும் ஓடும் இந்த மடிப்புதான் பானட்டின் உயிர்நாடி. டிக்கி மூடியும் இதே அமைப்புதான். துரு இந்த மடிப்புக்குள் பிறந்து வெளியே வரும். மடிப்பின் வாயில் பழுப்பு நிறக் கசிவு தெரிந்தால், உள்ளே வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த மடிப்பை வைத்துப் பார்த்தால் நான்கு வழிகளும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

தட்டி எடுப்பது

அடி நடுத்தகட்டில் மட்டும் விழுந்து, மடிப்பும் உள்சட்டமும் கலையாமல் இருந்தால், பழைய பானட்டைக் காப்பாற்றுவதே நல்லது. தொழிற்சாலையில் பூசிய பாதுகாப்பு அதில் இன்னும் இருக்கிறது. அதைத் தூக்கி எறிந்தால் அதே தரத்தை இங்கே திரும்பப் பூச முடியாது. பெயின்ட் வெடிக்காத ஆழமற்ற பள்ளமாக இருந்தால், உள்ளிருந்து கம்பியால் நெம்பிப் பெயின்ட் கெடாமல் எடுப்பவர்கள் மதுரை போன்ற நகரங்களில் இருக்கிறார்கள். அலைச்சலாக இருந்தாலும் அந்த வேலைக்குப் போய் வரலாம். தேங்காய் விழுந்த குழிக்கெல்லாம் இது சரிப்படும் என்று சொல்ல முடியாது. தகடு இழுபட்டுக் கூர்மையாகப் பள்ளமாகியிருந்தால் பட்டிதான் வழி.

பட்டியில்தான் நம் ஊருக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. பட்டி காய்ந்ததும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்ப்பது பட்டறைகளின் வழக்கம். பட்டி தண்ணீரை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் பட்டறை போர்வெல்லின் உப்புத் தண்ணீராக இருந்தால், நீர் ஆவியான பிறகும் உப்பு பட்டிக்குள்ளேயே தங்கிவிடும். மேலே எவ்வளவு உயர்ந்த பெயின்ட் அடித்தாலும், அடியில் கிடக்கும் உப்பு பெயின்ட் வழியாக ஈரத்தை இழுத்து, கொஞ்ச நாளில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பெயின்டர் மீது குற்றம் சொல்லிப் பயனில்லை. முன்கூட்டியே பேசிவிட வேண்டும். "அண்ணே, பட்டியை உலர்வாகவே தேயுங்கள், தண்ணீர் வைத்துத் தேய்ப்பது பிரைமர் அடித்த பிறகு மட்டும், அதுவும் குடிதண்ணீரில்" என்று சொல்லி, இரண்டு கேன் தண்ணீரை நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம். அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

பட்டியின் கனமும் முக்கியம். கம்பெனிப் பெயின்டின் மொத்தக் கனமே 100 முதல் 150 மைக்ரான் அளவுதான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). பட்டி பல மில்லிமீட்டர் ஏறினால் இன்ஜின் சூட்டிலும் பானட்டை அடித்து மூடும் அதிர்விலும் வெடிக்கும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். மற்ற இடங்களில் ஒட்டும் காந்தம் அங்கே வழுக்கி விழுந்தால் பட்டி கனமாக ஏறியிருக்கிறது. எங்குமே ஒட்டாவிட்டால் அது அலுமினிய பானட். சில உயர்விலை வண்டிகளில் அப்படி உண்டு. இரும்புக்குப் பயன்படுத்திய சுத்தியலாலும் தேய்ப்புத் தாளாலும் அதைத் தொடவே விடக் கூடாது. ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள் உப்புக் காற்றில் அலுமினியத்தை அரித்துவிடும்.

கம்பெனிப் புதுத் தகடு

மடிப்பு கிழிந்திருந்தால், உள்சட்டம் மடங்கியிருந்தால், அல்லது துரு தொடங்கியிருந்தால், தட்டி எடுப்பது பணத்தைக் கடலில் போடுவதுதான். அப்போது கம்பெனித் தகடே என் முதல் தேர்வு. விலை அதிகம், ஆர்டர் போட்டுக் காத்திருக்கவும் வேண்டியிருக்கும். ஆனால் அந்தத் தகட்டை மின்சாரம் பாய்ச்சிய பிரைமர் தொட்டியில் முழுதாக முக்கி எடுக்கிறார்கள். ஸ்பிரே துப்பாக்கி எட்டாத உட்புறத்திலும் பிரைமர் படிந்திருக்கும். அந்தப் பிரைமரைப் பட்டறையில் சுரண்டி எடுத்துவிடாமல், லேசாகச் சொரசொரப்பாக்கி அதன் மேலேயே வேலை செய்யச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நேருக்கு நேர் மோதினால் பானட் நடுவில் மடிந்து மேலே குவியும்படி உள்சட்டத்தில் திட்டமிட்டே பலவீனமான கோடுகள் வைத்திருப்பார்கள். மடியாத பானட் கண்ணாடியை நோக்கிப் பின்னால் தள்ளப்படலாம். கம்பெனித் தகட்டில் இந்தக் கணக்கு அப்படியே இருக்கும்.

டூப்ளிகேட்

விலையைப் பார்த்தால் ஆசை வரும். இந்தக் கடற்கரையில் நான் கடைசியாக நாடுவது இதைத்தான். கறுப்பாகப் பூசியிருப்பதைப் பார்த்துப் பிரைமர் என்று நம்பிவிடக் கூடாது. பெரும்பாலும் அது கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்க அடித்த மெல்லிய பூச்சு. தின்னரில் நனைத்த துணியால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். மடிப்புக்குள் எதுவுமே போயிருக்காது. பக்கத் தகடுகளோடு இடைவெளி சீராக உட்காராது, லாக் கொக்கி சற்றே விலகியிருக்கும்.

கையில் இருப்பதற்கு அதுதான் கட்டும் என்றால், கறுப்பை முழுவதும் எடுத்து, இருபுறமும் எபாக்ஸி பிரைமர் அடித்து, மடிப்பு நெடுகச் சீலர் இழுத்து, பெயின்ட் காய்ந்த பிறகு உள்சட்டத்தின் துளைகள் வழியாகத் துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சச் சொல்லுங்கள். இதையெல்லாம் செய்த பிறகு மொத்தக் கணக்கைப் பார்த்தால் கம்பெனித் தகட்டோடு இருந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்திருக்கும்.

பழைய தகடு

சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்காத பானட் இல்லை. மதுரையிலும் தேடலாம். கம்பெனித் தயாரிப்பு, அடிபடாதது, உள்நாட்டு வண்டியிலிருந்து வந்தது என்ற மூன்றும் சேர்ந்தால் இது கம்பெனிப் புதுத் தகட்டுக்கு அடுத்த இடத்தைப் பிடிக்கும். கடலோர வண்டியிலிருந்து கழற்றியது என்றால் வேண்டாம். நிறம் ஒன்றாக அமைந்துவிட்டால் பெயின்ட் செலவே மிச்சம் என்பார்கள். வெயிலில் வெளுத்த அளவு வண்டிக்கு வண்டி மாறும், ஆகவே அதை நம்பி வாங்க வேண்டாம். பில் தராத கடையில் எதையும் வாங்க வேண்டாம்.

எந்தப் பானட் மாட்டினாலும், பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் இரண்டாவது கொக்கியைச் சோதியுங்கள். உள்ளிருந்து லீவரை இழுத்த பிறகும் பானட் முழுதாகத் திறக்காமல் அந்தக் கொக்கியில் நிற்க வேண்டும். பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கும் வேகம் தெரிந்தவர்களுக்கு இதை ஏன் சொல்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை.

டிக்கியின் கணக்கு வேறு

பானட்டில் வெளியிலிருந்து உப்பு வருகிறது. டிக்கியில் நாமே உள்ளே வைக்கிறோம். அக்னி தீர்த்தத்தில் குளித்த ஈரத்துணி மூட்டை, ஐஸ் உருகும் மீன் பெட்டி எல்லாம் அங்கேதான் போகின்றன. மூடியின் கீழ்விளிம்பில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. பெயின்ட் அடிக்கும்போது அவை அடைபட்டுப்போனால் உப்புநீர் உள்ளே தேங்கி, மூடியைக் கீழிருந்து அரிக்கும். வேலை முடிந்ததும் ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிடுங்கள்.

பின்கதவு முழுதாகத் திறக்கும் சிறிய கார்களுக்கு, நான் பழைய தகட்டையே முதலில் பரிந்துரைப்பேன். கண்ணாடி, வைப்பர் மோட்டார், லாக், ஒயரிங் எல்லாம் சேர்ந்த முழுக் கதவாகவே கிடைக்கும். புதிதாக வெறும் தகட்டை வாங்கி ஒவ்வொன்றாக மாற்றும்போது கண்ணாடி விரிசல் விடவும் ஒயர் அறுபடவும் வாய்ப்பு அதிகம். டூப்ளிகேட் கதவு இங்கே இன்னும் மோசம். ரப்பர் பீடிங்கோடு சரியாகப் படியாவிட்டால் தண்ணீர் மட்டுமல்ல, ஓடும்போது சைலன்சர் புகையும் உள்ளே இழுக்கப்படும். நம்பர் பிளேட் டிக்கியில் இருந்தால், உயர்பாதுகாப்புத் தகட்டின் பூட்டு கழற்றும்போது உடைந்துவிடும். அதைத் திரும்பப் பொருத்தும் வேலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸா, கைக்காசா?

ஆறு வயதான, 1500 சிசிக்குக் குறைந்த கார் என்று வைத்துக்கொள்வோம். புதுப் பானட் 10,000 ரூபாய், பெயின்ட் வேலை 8,000 ரூபாய் என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட தொகை. 5 முதல் 10 வயது வரையுள்ள வண்டியின் உலோகப் பாகத்துக்குத் தேய்மானம் 40 சதவீதம், ஆக 4,000 நம் தலையில். பெயின்ட் பில்லில் 25 சதவீதத்தைப் பொருட்செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 1,000. ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு இன்னொரு 1,000. இன்ஷூரன்ஸ் கம்பெனி தருவது 12,000.

இப்போது மறுபக்கம். கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடிதான் நோ கிளெய்ம் போனஸ். அதை 50 சதவீதம் வைத்திருப்பவர் கிளெய்ம் போட்டால் அது பூஜ்யமாகும். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மீண்டும் 50-ஐத் தொடுவதற்குள் ஐந்து புதுப்பித்தல்களில் இழப்பது மொத்தம் 125 சதவீதம். சொந்தச் சேதப் பிரீமியம் (நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பகுதி) 8,000 ரூபாய் என்றால் இழப்பு 10,000 ரூபாய். 12,000 வாங்க 10,000 விடுவதற்கு நான் கிளெய்ம் போட மாட்டேன். போனஸ் இன்னும் சேராத புது வண்டி, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி, அல்லது பானட்டோடு ரேடியேட்டரும் விளக்கும் போன விபத்து என்றால் தயங்காமல் போடலாம். துரு மட்டும் காரணம் என்றால் எந்தப் பாலிசியும் தராது. போடுவதாக முடிவு செய்தால், சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை பட்டறையில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.