கருங்குரங்கு லேகியம்: ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்க மனமில்லை

அப்பாவுக்கு இருபது வருடமாக இளைப்பு. பனிக்காலம் வந்தால் ராத்திரி முழுக்கத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் சித்தப்பா, மலையடிவாரத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையிலிருந்து இந்த லேகியத்தை வாங்கி வந்தார். அரை கிலோ 1,800 ரூபாய். லேபிள் இல்லை, தேதி இல்லை, என்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற விவரமும் இல்லை. மூடியைத் திறந்தால் கருப்பட்டி, நெய், சுக்கு வாசனை; கரண்டியில் எடுத்தால் கருப்பாக நூல் இழுக்கிறது. காலையும் இரவும் நெல்லிக்காய் அளவு, ஒரு மண்டலம் சாப்பிட வேண்டுமாம்.

பன்னிரண்டாம் நாள் நடுராத்திரியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெபுலைசர் வைத்த பிறகுதான் அடங்கியது. லேகியத்தை நம்பி இன்ஹேலரை நிறுத்தியிருக்கிறார், எங்களிடம் சொல்லவே இல்லை.

அடுத்த வாரம் நானே கடைக்குப் போய் உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். “அசல் கருமந்திக் கறி தம்பி. அது தின்றதெல்லாம் மூலிகை இலை, அதனால கறியே மருந்து. வெளிய சொல்லிராதீங்க” என்றார். அது பொய்யென்றால் 1,800 ரூபாய்க்குக் கருப்பட்டியை விற்றிருக்கிறார், நிஜமென்றால் அதைவிடக் கொடுமை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஐதராபாத் சிசிஎம்பி போன்ற ஆய்வகத்தில் டிஎன்ஏ பார்த்தால்தான் உண்டு.

கருமந்தி, கருங்குரங்கு என்றெல்லாம் சொல்வது நீலகிரி மந்தியைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மாஞ்சோலை போகிற வழியில் ஒருமுறை பார்த்திருக்கிறேன், உடம்பெல்லாம் பளபளக்கும் கருப்பு, தலையில் மட்டும் பொன் பழுப்பு, தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு செம்பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி. பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான், அதனால் தாயைச் சுட்டால் குட்டியும் போச்சு. கறிக்கும் தோலுக்கும் இந்த லேகியத்துக்கும் சுட்டுச் சுட்டே ஒரு காலத்தில் பல மலைகளில் அரிதாகிப் போன விலங்கு இது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதை முதல் அட்டவணையில் வைத்த பிறகு வேட்டை குறைந்தது. 1976இல் சிங்கவால் குரங்குக்காகக் களக்காடு சரணாலயம் வந்ததே, அந்தக் காட்டில் கருமந்திக்கும் இடம் கிடைத்தது. ஆனால் வாங்க ஆள் இருக்கும்வரை எவனாவது துப்பாக்கியோடு மலையேறத்தான் செய்வான். கொல்வதும் விற்பதும் மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். மூன்றிலிருந்து ஏழு வருடம் ஜெயில். சித்தப்பாவுக்கு இது தெரியாது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அப்பா இப்போது இரண்டு வேளையும் இன்ஹேலர் எடுக்கிறார், படுத்துத் தூங்குகிறார். மிச்சமிருந்த லேகியத்தை வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்து, கடை இருக்கும் தெருவையும் எழுதியே கொடுத்தேன். சித்தப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.