மட்டக்களப்பு கல்லடி வீட்டுல ஸ்மார்ட் சாமான் போட்டு கரண்ட் பில் குறைஞ்சிச்சா? கனநாள் பாவிச்ச அனுபவம்

2022 ஆகஸ்டில இலங்கையில கரண்ட் கட்டணம் 75 வீதம் ஏறிச்சு, மறுகா அடுத்த பெப்ரவரியில இன்னும் 66 வீதம், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தச் சூட்டோட சூடாத்தான் நான் இந்த ஸ்மார்ட் பிளக், சென்சர், மீட்டர் எல்லாத்தையும் ஒண்டொண்டா வாங்கத் தொடங்கினன். இப்ப சில வருஷம் ஓடிட்டு, கேக்கிறவங்களுக்கெல்லாம் தனித்தனியா வாய்ஸ் அனுப்பிக் களைச்சுப் போனன், அதான் ஒரேயடியா எழுதுறன்.

முதல்ல வீட்டைப் பற்றிச் சொல்லணும். மனிசிட சீதன வீடு, மாமா 90கள்ல கட்டினது, கடலுக்குக் கிட்ட, கீழ நாங்களும் மாமா மாமியும், மேல ஒரு அனெக்ஸ், அதுல வெளியூர்ல இருந்து வேலைக்கு வந்த தம்பி ஒராள் வாடகைக்கு இருக்கார். மேலயும் கீழயும் ஒவ்வொரு 12000 பி.டி.யூ ஏசி. மேல ஓட்டுக் கூரை இல்ல, கொங்கிறீட் தட்டு. இந்தத் தட்டுதான் கதைட வில்லன், பிறகு வாறன்.

வாங்கினதுலயே காசு மிச்சம் புடிச்சுத் தந்த சாமான் எதெண்டு கேட்டா, மெயின் போர்டுக்குள்ள வயரைச் சுத்திக் கவ்வி இருக்கிற அந்தச் சின்ன மீட்டர்தான். அது ஒண்டையும் ஓஃப் பண்ணாது, ஒண்டையும் ஆன் பண்ணாது, இந்த நிமிஷம் எத்தனை வாட்ஸ் போகுது, இந்த மாசம் எத்தனை யூனிட் ஆகிட்டு எண்டு போன்ல காட்டும், அவ்வளவுதான். ஆனா எங்கட நாட்டு கரண்ட் கட்டண முறைக்கு அதுதான் தேவை. 60 யூனிட்டைத் தாண்டினா முதல் யூனிட்டுல இருந்தே ரேட் மாறுது, அதுக்குப் பிறகு 90, 120, 180 எண்டு படி, யூனிட் விலை மட்டுமில்ல மாசாமாசம் வாற நிலையான கட்டணமும் சேந்து ஏறுது. பில் வந்த பிறகு பாத்து என்ன செய்ற? மாசம் 20ஆம் திகதியே 130ல நிக்கிறம் எண்டு தெரிஞ்சா மிச்ச நாளைக்கு ஏசியைக் கொஞ்சம் அடக்கி 180க்குள்ள வண்டியை நிப்பாட்டலாம்.

இதுல இன்னொண்டு. வெளிநாட்டு வீடியோ பாத்திட்டு நிறையப் பேர் வாஷிங் மெஷினை ராவு 11 மணிக்கு டைமர் வெச்சு ஓட்டுறாங்க. அங்க ராவு ரேட் குறைவு, சரி. இங்க சிங்கிள் பேஸ் (ஒரு லைன் மட்டும் வாற) வீட்டுக்கு எந்த நேரம் ஓட்டினாலும் யூனிட் யூனிட்தான். த்ரீ பேஸ் எடுத்து நேரக் கட்டணத்துக்கு மாறினவங்களுக்குத்தான் பின்னேரம் 6.30ல இருந்து 10.30 வரைக்கும் ரேட் கூட, ராவு 10.30க்குப் பிறகு ரேட் குறைவு எண்ட கணக்கு. மத்தவங்க நித்திரை முழிச்சு உடுப்புத் தோய்க்கத் தேவையில்ல.

கிராஃப் பாக்கத் தொடங்கினா வீட்டுல நடக்கிற களவெல்லாம் வெளிய வரும். எங்கட வீட்டுல எல்லாரும் படுத்த பிறகும் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒரு சின்ன மலை மாதிரி கோடு ஏறி இறங்கினது. பிரஷர் பம்ப். கொமட் தண்ணித் தொட்டியில தண்ணி கசிஞ்சு கசிஞ்சு லைன்ல பிரஷர் இறங்க, பம்ப் தானா ஓடி நிரப்புது, ராவு முழுக்க. ரப்பர் வாஷர் ஒண்டு மாத்தின உடனே கோடு படுத்திட்டு. பிரிஜ்ஜும் அப்பிடித்தான், கரண்டை அளக்கிற ஸ்மார்ட் பிளக்ல போட்டுப் பாத்தா கம்பிரசர் ஓயிறதே இல்ல, கதவு ரப்பர் இறுகிப் போய் குளிர் வெளிய போயிருக்கு. ரப்பரை மாத்தினோம், பிரிஜ்ஜை மாத்தல்ல. மாமி அந்தப் பிரிஜ்ஜை விடமாட்டா, அது வேற கதை.

ஃபேன் விஷயத்துல கண்ணை மூடிட்டுச் சொல்லுவன், பி.எல்.டி.சி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டர் ஃபேன் போடுங்க. இதுல ஸ்மார்ட் எண்டு ரிமோட்டும் ஆப்பும் தாறாங்க, அது சும்மா, முக்கியம் மோட்டர்தான். பழைய ஃபேன் ஃபுல் ஸ்பீட்ல 75 வாட்ஸ் அளவு இழுக்கும், இது 30 சொச்சம். கச்சான் எண்ட தென்மேல் காத்து அடிக்கிற காலத்துல, மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும், இங்க ஃபேன் ஓயாது எண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு 15 மணித்தியாலம் எண்டு வெச்சாலே ஒரு ஃபேனுக்கு மாசம் 34 யூனிட் போற இடத்துல 14க்குக் கிட்ட வருது, மூண்டு ஃபேன் மாத்தினா ஒரு படியே இறங்கலாம். பழைய ரெகுலேட்டரைக் கழட்டிட்டு நேரடியா லைன் குடுக்கச் சொல்லுங்க, ரெகுலேட்டருக்குள்ளால விட்டா உள்ள இருக்கிற சர்க்கிட் கெதியா போயிரும். மாமாட அறையில மட்டும் இன்னும் பழைய ஃபேன்தான், புதுசுல காத்து பத்தாதாம்.

ஸ்மார்ட் சுவிச் போட ஆசைப்படுறவங்க முதல்ல ஒரு சுவிச் போர்டைக் கழட்டி உள்ள பாக்கச் சொல்லுங்க. பழைய வயரிங்ல சுவிச் பெட்டிக்குள்ள நியூட்ரல் வயர் வாறல்ல, லைவ் வந்து திரும்பி லைட்டுக்குப் போகும், அவ்வளவுதான். நியூட்ரல் இல்லாட்டி சாதாரண ஸ்மார்ட் சுவிச் வேலை செய்யாது. நியூட்ரல் தேவையில்லாத மொடல் இருக்கு, ஆனா சின்ன எல்.ஈ.டி பல்புக்கு ஓஃப் பண்ணின பிறகும் மங்கலா மினுங்கும், அதுக்கு ஒரு கெப்பாசிட்டர் வைக்கணும். சுவரை வெட்ட மாமா விடேல்ல, நானும் வற்புறுத்தேல்ல, ஏனெண்டா 9 வாட்ஸ் பல்பை போன்ல ஓஃப் பண்ணி என்ன பெரிசா மிஞ்சப் போகுது. ஸ்மார்ட் பல்பும் ரெண்டு வாங்கினன், மாமா போற வழியில சுவர் சுவிச்சை டப்பெண்டு ஓஃப் பண்ணுவார், பிறகு ஆப்ல பல்பைக் காணல்ல.

பிளக் கணக்கையும் சொல்றன். ஒரு ஸ்மார்ட் பிளக் சும்மா இருந்தாலே ஒரு வாட்ஸ் அளவு குடிக்கும், மாசத்துக்கு முக்கால் யூனிட். டிவி, டெக்கோடர் ரெண்டும் ஸ்டாண்ட்பைல 10 வாட்ஸ் இழுத்தா மாசம் 7 யூனிட், அங்க பிளக் போட்டா லாபம். போன் சார்ஜருக்குப் போட்டா நட்டம். வாங்கும்போது 13 ஆம்பியர் சதுரப் பின் தானா எண்டு பாருங்க, ரவுண்ட் பின்னுக்கு அடாப்டர் போட்டு அதுல அயன், கேத்தில் கொழுவ வேணாம். கரண்ட் போய் வந்தா ஆன் ஆகிறதா ஓஃப்லயே நிக்கிறதா எண்டு ஒரு செட்டிங் இருக்கும், ஓஃப்ல வைங்க. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்துல குரங்கால நாடே இருட்டாகினது எண்டு சொன்ன ஞாயிற்றுக்கிழமை, அப்பிடி செட் பண்ணாத வீடுகள்ல கரண்ட் வந்த உடனே எல்லாம் ஒரேயடியா ஓடினது. ரௌட்டருக்கு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ் ஒண்டு, அது 2022 பவர் கட் காலத்துலயே எல்லாரும் வாங்கிட்டம்.

ஏசிக்கு வருவம். ஏசி ரிமோட்ட சிக்னலைப் பழகி அதே மாதிரி அனுப்புற ஐ.ஆர் (இன்ஃப்ராரெட்) கருவியும், ஜன்னல்ல ஒரு சென்சரும் வெச்சம். ஜன்னல் திறந்திருந்தா ஏசி ஓஃப். ஐடியா நல்லம், ஆனா கடல் காத்துல அந்தச் சென்சர்ட பேட்டரி பிடிக்கிற தகடு துருப்புடிச்சு அடிக்கடி மாத்த வேண்டி வந்திச்சு. இப்ப ஜன்னல் சென்சர் இல்ல, விடிய 3 மணிக்கு 26 டிகிரில இருந்து 28க்கு ஏத்துற ஷெடியூல் மட்டும் இருக்கு, அது அருமையான வேலை. வெளி யூனிட்டை நல்ல தண்ணியால அடிக்கடி கழுவுறது ஆப்பை விட முக்கியம், உப்புப் படிஞ்சு கொயில் அடைச்சா எந்த ஸ்மார்ட்டும் உதவாது.

ஆனாலும் மேல்வீட்டு யூனிட் இறங்கேல்ல. தம்பி காலமைல கீழ வந்து, "அண்ணே, ராவு மட்டும் 7 யூனிட் போயிருக்கு, நான் 26லதான் வெச்சிருந்தன்" எண்டார், சப் மீட்டர் இருக்கிறபடியா அவர்ட காசு அது. டெம்பரேச்சர் சென்சர் ஒண்டு மேல வெச்சுப் பாத்தா, ராவு 10 மணிக்கும் அறை 33 டிகிரி, அதே நேரம் வெளிய அதை விடக் குறைவு. பகல் முழுக்கத் தட்டு குடிச்ச வெயிலை ராவு முழுக்க அறைக்குள்ள விடுது, ஏசி அறையைக் குளிராக்கேல்ல, கொங்கிறீட்டோட மல்லுக்கட்டுது. தட்டைக் கழுவி வெள்ளை ரிஃப்லெக்டிவ் கோட்டிங் ரெண்டு தரம் அடிச்சம். அதே சென்சர்ல ராவு ரெண்டு டிகிரிக்கு மேல இறங்கினது, கம்பிரசர் ஓயிற நேரமும் கிராஃப்ல தெரிஞ்சுது. ஆப்பும் இல்ல வைஃபையும் இல்ல, பெயிண்ட். ஆனா சென்சர் இல்லாட்டி நான் புது ஏசிக்குத்தான் காசு குடுத்திருப்பன்.

இப்ப வீட்டுல தட்டுக்குச் சண்டை. மாமாக்கு அங்க தகரப் பந்தல் போடணுமாம், எனக்கு சோலார், பேனல் போட்டாலும் நிழல் நிழல்தானே. ஆனா 2025 ஏப்ரல் புத்தாண்டு லீவில பகல்ல கரண்டுக்குத் தேவை குறைவெண்டு மின்சார சபை கூரை சோலார் வெச்சிருக்கிறவங்களை ஓஃப் பண்ணி வைக்கச் சொல்லிக் கேட்டதைப் பாத்த பிறகு, வெறும் பேனலா பேட்டரியோடயா எண்டு யோசிக்கிறன். விலை விசாரிச்சுக்கொண்டு இருக்கன், மட்டக்களப்புல பேட்டரியோட போட்டவங்க யாரும் இருந்தா எத்தனை கிலோவாட், உப்புக் காத்துக்கு ஃப்ரேம் என்ன மாதிரி நிக்குது எண்டு சொல்லுங்க.